ஆறு மாத ஸ்தோத்திரம்

சைப்ரஸ் என்ற தீவில் ஜனங்கள் சண்டை போட்டு இரண்டாகப் பிரிந்து நின்றதால்தான் சித்தூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. சிரிக்காதீர்கள், நிஜம். நடுவில் காவல் நின்ற அமைதிப்படையின் முகாமில் என் நைனா சமையல்காரர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படையின் காலம் முடியும். உலக நாடுகள் கூடிப் பேசி நீட்டுவார்கள். நீட்டினால் நைனாவுக்கு வேலை, வேலூரில் அக்காவுக்கு நர்ஸ் படிப்பு. நீட்டாவிட்டால் இரண்டும் போச்சு.

ஒன்பது வயதில் எனக்கு நர்ஸ் படிப்பா பெரிது? நைனா வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு பள்ளியில் மற்ற பிள்ளைகள் பரீட்சைக்கு ஜெபிக்க, நான் அந்தத் தீவில் சமாதானம் வரவேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். டீச்சர் என் பெரிய மனசை மெச்சி முதுகைத் தட்டினார்.

படையின் காலம் நீளவேண்டும் என்று ஜெபித்த அம்மா பக்கம் கர்த்தர் சாய்ந்துவிட்டார். இன்னும் ஆறு மாதம் என்று நைனாவின் கடிதம் வந்தது.

எங்கள் சபையில், நல்லது நடந்தால் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதி வைப்போம்; பாஸ்டர் அதை ஆராதனையில் வாசிப்பார். எங்கள் வீட்டுக் கவர் எப்போதும் என் கையெழுத்துதான்.

“கைல மாவு கீது, நீயே எய்துடி,” என்றாள் அம்மா, வழக்கம்போல.

இருந்த கடுப்பில், உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பாஸ்டர் கணீரென்று வாசித்தார். “தீவில் இன்னும் சமாதானம் வராததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

ஆமென் சொல்ல வாயெடுத்த சபை பாதியில் நின்றது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தத் தீவின் இரண்டு பக்கத்து ஜனங்களுக்காகவும், தூரதேசத்தில் இருக்கும் எல்லா நைனாக்களுக்காகவும் ஜெபித்தார். அம்மா முக்காட்டுக்குள் குலுங்கினாள். இன்றைக்குச் செமத்தியாக வாங்கப்போகிறோம் என்று எனக்கு உதறல். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மாம்பழ ஜூஸ்தான் வாங்கிக் கொடுத்தாள்.

அக்கா நர்ஸானாள், என்னையும் படிக்கவைத்தாள். அந்த ஆறாறு மாதங்களுக்கு நான் இன்றும் நன்றியுள்ளவள். படை இன்னமும் அங்கேதான் நிற்கிறது. மறுபடி நீட்டினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஏக்கம், யார் வீட்டுக்கோ சோறு என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா நைனாவுக்கு நாலு பக்கம் குறையாமல் கடிதம் எழுதுகிறவள். நீட்டியதற்காக நன்றி சொல்லும் அந்த ஒற்றை வரியைக் கவரில் எழுதவேண்டியபோது மட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் கையில் ஏன் மாவு இருந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.