ஈரலைக் கழுவப் போன கதை

நோன்பு திறக்கிற மேசையில் பேரீச்சம்பழம் இருக்கும், கஞ்சி இருக்கும். இந்த முறை என்கூடப் பிறந்த நானாவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் போத்தலும் இருந்தது. கிரீன் டீ கேப்சூல்! பாங்கு சொன்னதும், பழத்துக்கும் முன்னால், தண்ணீரோடு இரண்டு.

"கஞ்சியைக் குடிச்சிட்டுப் போட ஏலாதா நானா?"

"வெறும் வயித்துல போட்டாத்தான் தங்கச்சி முழுசாச் சேரும். போன்ல பாத்தன். அன்டிஒக்சிடன்ட்! ஈரலைக் கழுவி விட்டுரும்."

நானாவுக்கு முந்தலில் இறால் பண்ணை. குளத்தில் தீன் ஒரு பிடி கூடிப்போனால் வேலையாளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சொந்த வயிற்றுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாது.

சில நாளில் சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போனது. மனிதர் பயந்தாரா? "கழிவு வெளிய போகுது" என்று சந்தோஷப்பட்டார்! கண்ணும் மஞ்சளான பிறகுதான் அவர் மனைவி, என் மச்சி, அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தார். சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஈரல் அடிபட்டிருக்கிறது என்றார்கள்.

டொக்டருக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

"தேத்தண்ணியாக் குடிச்சா இந்தப் பொலிபீனோல்ல பெரும்பகுதி ரத்தத்துக்கே போறதில்ல. பெருங்குடல்ல இருக்கிற கிருமிகள்தான் அதை உடைக்கும். உள்ள போற கொஞ்சத்தையும் ஈரல் வெளியாளாத்தான் பாக்கும். உருமாத்தி, சில மணித்தியாலத்துல சிறுநீரோட அனுப்பிரும். நீங்க அதையே சாறா இறுக்கி வெறும் வயித்துல போட்டா, ஒரேயடியாச் சுமை. சிலருக்குத் தாங்காது."

கேட்டீர்களா? ஈரலைக் கழுவ வந்ததென்று நாம் கொண்டாடுகிற சாமானைக் கழுவித் தள்ளுவதே ஈரலுக்கு வேலை!

"இயற்கைதானே..." நானா முனகினார்.

"ஆளைக் கொல்லுற அலரிக்கொட்டையும் இயற்கைதான் நானா!" கத்தியே விட்டேன். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கோப்பைத் தேத்தண்ணியில், கொய்யாவில், வல்லாரைச் சம்பலில் இருக்கும்போது ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். போத்தலில் அடைத்து லேபல் ஒட்டினால்தான் நமக்கு மரியாதை வருகிறது. என்ன பைத்தியம் இது?

"இப்பவே நிப்பாட்டினதால தப்பலாம்" என்ற டொக்டர், மீதி நோன்பையும் விடச் சொன்னார். சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பும் தவறாத மனிதர்... கட்டிலில் இருந்து தேம்பினார். "என்ட நோன்பு போச்சே, தங்கச்சி."

கோபமெல்லாம் எங்கே போனதோ, கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"விட்ட நோன்பைப் பெருநாள் முடியத் திரும்பப் பிடிச்சுக் களாச் செய்யலாம் நானா. ஈரலை எப்பிடிக் களாச் செய்யிற?"