சாமி அலுமாரியில் ஒரு ரவைக்கூடு

எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியில், முருகன் படத்துக்கும் அப்பாவின் படத்துக்கும் நடுவில், உள்ளங்கை நீளத்தில் கறுப்பாக ஒரு தகரக்கூடு நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதை ஊதுபத்தி வைக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. தேநீரைக் கொஞ்சம் அவசரமாகக் குடித்து முடிக்கிறார்கள். அது கைத்துப்பாக்கி ஒன்றின் ரவைக்கூடு. ரவைகளை, அதாவது தோட்டாக்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துப்பாக்கியின் பிடிக்குள் செருகுவது. துப்பாக்கி இப்போது என்னிடம் இல்லை, கூட்டுக்குள் ரவையும் இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், ரவைகளை மேலே தள்ளுகிற சின்னத் தகடும் மட்டும் இருக்கின்றன. அந்தத் தகட்டை விரலால் அழுத்தி விட்டால் துள்ளி மேலே வரவேண்டும். இது வராது, பாதி வழியில் நின்றுவிடும். பழுது என்றுதான் எவரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

நான் சுவிஸில், சோலோதுர்ன் நகரில் பிறந்து வளர்ந்தவள். அம்மா நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே இறந்துபோனார். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். அவருக்கு இருந்த ஒரே அட்டகாசம் திருநீறு. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அவருடைய விரல் அதில் பட்டாக வேண்டும். காருக்குப் பூசினார், சலவை இயந்திரத்துக்குப் பூசினார், என் முதல் மடிக்கணினிக்கும் பூசினார். அதன் விசைகளுக்குள் சாம்பல் போய், நான் எழுதிய பாடசாலைக் கட்டுரைகளில் ஒரு எழுத்து மட்டும் மூன்று நான்கு முறை விழுந்துகொண்டிருந்தது. நான் கத்தினால், கடவுளுக்குத் தெரியும் எது நல்லது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

போர் முடிந்த அந்த 2009ஆம் ஆண்டு வைகாசி மாதம் முழுக்க அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அதன்பிறகு ஊர்ச் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டார். சாமி அலுமாரியின் கீழ்த்தட்டில் அவருடைய தம்பியின், அதாவது என் சித்தப்பாவின், சின்னப் படம் ஒன்று இருந்தது. ஊரில் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று தின்ற காலத்தில் செத்துப்போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால் அப்பாவுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் ஒரு தனியார் காவல் நிறுவனத்தில் சேர்ந்தேன். கடை வாசலில் நிற்கிற வேலை. ஆயுதத்தோடு செய்யும் காவலுக்கு மாறினால்தான் நிரந்தர இடம் தருவதாகச் சொன்னார்கள். அதற்குச் சொந்தமாகக் கைத்துப்பாக்கி வேண்டும், பரீட்சை எழுதவேண்டும், அதிகாரிகளுக்கு முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும், அதன்பிறகுதான் ‘பெவில்லிகுங்’ என்கிற அனுமதி. சுவிஸ் கடவுச்சீட்டு கையில் இருந்ததால் நான் துணிந்து இறங்கினேன். சட்டைக்குள் மறைகிற அளவில், புத்தம் புதியதாக, சின்னத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா திருநீற்றுத் தட்டை எடுக்கவில்லை. பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். மடிக்கணினிகூடத் தப்பவில்லை, துப்பாக்கி தப்பிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் பூட்டித் திறப்பை என்னோடு வைத்துக்கொள்வேன். ரவைகள் வேறொரு பூட்டுக்குள். வெறும் ரவைக்கூடுகள் இரண்டையும் சாமி அலுமாரிக்குக் கீழே இருந்த லாச்சிக்குள் போட்டுவைத்தேன். மூன்றையும் மூன்று இடத்தில் வைக்கவேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தந்த பழக்கம். வெறும் கூட்டை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று நம்பியிருந்தேன்.

தொல்லை இரண்டாவது வாரம் தொடங்கியது. சுடும் கூடத்தில் முதல் சில ரவைகள் ஒழுங்காகப் போகும். பிறகு ஒரு ரவை மூக்குக் குத்தி, குழலுக்குள் ஏறாமல் சாய்ந்து நிற்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சுட்டால், சுட்ட ரவையின் வெறும் கோது வெளியே பறக்காமல் உள்ளேயே இறுகிக் கிடக்கும். பயிற்றுநர் என் கையைக் குற்றம் சொன்னார். சின்னத் துப்பாக்கியை மணிக்கட்டுத் தளர்ந்தவர் பிடித்தால் அதன் மேற்பகுதி முழுத் தூரம் பின்னால் ஓடித் திரும்பாது, அப்போது இப்படி வரும் என்றார். இறுக்கிப் பிடித்தேன். கை வலித்தது, துப்பாக்கி திருந்தவில்லை. புதியது, இன்னும் பழகவில்லை, நூறு இருநூறு ரவை போகட்டும் என்றார்கள். போனது. ரவையின் வகையை மாற்று என்றார்கள். மாற்றினேன். ஒவ்வொரு மாலையும் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன், ரவைக்கூடுகளைக் கழற்றாமலே அவற்றுக்குள்ளும் இரண்டு சொட்டு விட்டேன். அடுத்த முறை மறுபடி அதே கதை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் துப்பாக்கி அடிக்கடி நின்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியாது. இந்த முறை தவறவிட்டால் அந்த நிரந்தர இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று மேலாளர் நேரடியாகவே சொல்லியிருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் அப்பாவிடம் புலம்பினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், பேசாமல் இருக்கிறவர் கேட்டதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அது நிண்டா, திருப்பிச் சரியாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?”

கூட்டின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு, மேற்பகுதியை ஒரு இழுவை, பழகினவருக்குக் கண் மூடித் திறக்கிற நேரம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மிச்சத்தைச் சாப்பிடாமலே எழுந்து கை கழுவிவிட்டார்.

கடைசியில் துப்பாக்கியை வாங்கிய பட்டறைக்கே கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அவசரமே இல்லாத மனிதர். புதுத் துப்பாக்கி நின்றால் எல்லாரும் துப்பாக்கியைத்தான் திட்டுகிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் குற்றம் ரவைக்கூட்டில் இருக்கும் என்றார். தன்னிடமிருந்த வேறு கூட்டைச் செருகிச் சுடச் சொன்னார். ஒன்றுகூட நிற்கவில்லை. என்னுடையதைச் செருகினோம், நின்றது. கூட்டின் அடித்தகட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே இழுத்தார். ஸ்பிரிங்கோடு சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று வந்தது. எண்ணெயில் ஏதோ தூள் ஊறி இறுகியிருந்தது. தகடு அதில் ஒட்டிக்கொண்டு ரவையை நேரத்துக்கு மேலே தள்ளவில்லை, ரவைகளில் ஒட்டிய மிச்சம் குழலுக்குள் போய்க் கோதையும் பிடித்து வைத்திருக்கிறது என்று விளக்கினார். சிகரெட் சாம்பலா, வீட்டுக்குக் கீழே கெல்லரில் எதையாவது அரைக்கிறீர்களா என்று கேட்டார். நான் அந்தப் பசையை விரலில் எடுத்து முகர்ந்தேன். எண்ணெய் வாடைக்கு அடியில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையின் மணம் இருந்தது. எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா என் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ரவைக்கூடுகளை மேசையில் வைத்துவிட்டு, அவர்தான் திருநீறு போட்டதா என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சிட்டிகை என்றார். அதனால்தான் துப்பாக்கி நிற்கிறது என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“உண்மையாவோ? திருநீறாலயோ அது நிண்டது?”

வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவருடைய முகத்தில் வந்தது வருத்தமில்லை. தலையில் சுமந்துவந்த எதையோ யாரோ கைகொடுத்து இறக்கியதுபோல இருந்தது அந்த முகம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைக் காப்பாற்றவென்று போட்டீர்களாக்கும் என்று கத்தினேன்.

“உனக்கில்லைப் பிள்ளை,” என்றார். “அதுக்கு முன்னால நிக்கிறவனுக்கு.”

பிறகுதான் சித்தப்பாவின் கதையைச் சொன்னார், ஒரே தடவையாக, சட்டையின் கொலரை விரலால் நீவிக்கொண்டே. பொழுது சாயும் நேரம். அப்பா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வேலிப் படலையில் நின்று சித்தப்பாவை வீட்டுச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சித்தப்பா கதைக்கப் போனார். வந்தவன் இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்து நீட்டி அழுத்தினான். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவன் பிஸ்டலைக் குனிந்து பார்த்தான். உள்ளங்கையால் தட்டினான், இழுத்தான், ஒரு ரவை மண்ணில் விழுந்தது, மறுபடி இழுத்தான். பழக்கமில்லாத கை, அதனால் கனநேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் சித்தப்பா ஓடவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி அதே இடத்தில் நின்றார்.

“நானும் கயிறை விடேல்லை. அவனும் நிக்கிறான், தம்பியும் நிக்கிறான், நானும் நிக்கிறன். மூண்டு பேரும் அது சரிவரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டம்.”

அவர்களை அனுப்பியது யார் என்று அப்பா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அது அப்படியே நின்றுபோயிருந்தால் என்று அவர் நினைக்காத நாள் இருந்திருக்காது என்பது எனக்கு விளங்கியது. நான் வீட்டில் வெறும் துப்பாக்கியை வைத்து இழுத்துப் பழகிய ஒவ்வொரு முறையும் அவர் கெல்லருக்கு உடுப்புக் காயப்போடப் போனது ஏன் என்பதும் விளங்கியது.

ஆனால் எனக்கு அப்போது பரீட்சை இருந்தது, பயமும் இருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். முன்னால் நிற்கிறவன் என்னைக் கொல்ல வந்தவனாக இருந்தால், இது நின்றுபோனால், செத்துக் கிடப்பது நான் அல்லவா அப்பா என்று. அவர் அதை யோசித்திருக்கவில்லை. இத்தனை வருடமும் அந்தப் படலையில் அவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது, அது அடுத்தவன் கையில் இருந்தது. தன் பிள்ளை துப்பாக்கி பிடிக்கும் பக்கத்தில் நிற்பாள் என்பதும், அந்தப் பக்கத்திலும் சாவு வரும் என்பதும் அப்போதுதான் அவருக்குள் போனது. ரவைக்கூடுகளை என் பக்கம் தள்ளினார்.

“அப்ப கழுவு பிள்ளை. வடிவாக் கழுவு.”

என்னிடம் சொல்லிவிட்டு அவரே எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு கூட்டைக் கழற்றிக் கொடுக்க, அவர் குசினித் தொட்டிக்கு முன்னால் நின்று, பழைய பல்தூரிகையால் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு வளைவையும் தேய்த்துக் கழுவினார். ஆஸ்பத்திரித் துணியில் இரத்தக்கறை எடுத்துப் பழகிய கை. சாம்பல் கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன், அவர் அழவில்லை. இரண்டாவது கூட்டை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் பட்டறையில் புதிதாக ஒன்று வாங்கினேன். பரீட்சையில் ஒரு ரவைகூட நிற்கவில்லை.

அதன்பிறகு அப்பா ரவைக்கூடுகளின் பக்கம் போனதில்லை. நான் ஆயுதத்தோடு வேலைக்குப் போகிற நாட்களில் என் நெற்றியில் மட்டும் பூசுவார். பூசிவிட்டு விரலில் ஒட்டிய மிச்சத்தை, எனக்கு முன்னால் ஒருவர் நிற்பதுபோல, காற்றில் ஒருமுறை உதறிவிடுவார். சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன அடுத்த குளிர்காலம், ஆரே ஆற்றின் பனிமூட்டம் கலையாத ஒரு காலையில், தொழிற்சாலை ஒன்றின் வாசலில் காவலில் இருந்தேன். அந்த வாரம் அங்கே மிரட்டல் வந்திருந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் நேரே என்னை நோக்கி வந்தார், கையில் கறுப்பாக ஏதோ இருந்தது. நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை. மறுபடி சொல்லித் துப்பாக்கியை எடுத்தேன். அப்போது நின்றார். ஓடவில்லை, கையை உயர்த்தவில்லை. வெறுமனே காத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அது தெரிந்திருந்தது. என் துப்பாக்கியில் அன்று ஒரு குறையும் இல்லை. நானே துடைத்து, எண்ணெய் போட்டு, சுட்டுப் பார்த்து வைத்திருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் எதுவுமே இல்லை, ஒரு சிட்டிகைத் திருநீறுகூட.

அவர் கையில் இருந்தது தேநீர்க் குடுவை. அன்றுதான் வேலைக்கு வந்த, மொழி தெரியாத துப்புரவுத் தொழிலாளி. எல்லாம் விதிப்படி நடந்ததென்று மேலாளர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். துப்பாக்கியை அதே பட்டறையில் விற்றேன். பட்டறைக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய கூடு எங்கே, அதையும் தந்தால் திருத்தி வைக்கலாமே என்றார். அது வீட்டில் தேவைப்படுகிறது என்று சொன்னேன்.

இப்போது நான் மறுபடி கடை வாசல்களில், வெறுங்கையோடு நிற்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றித் திருநீறு எடுக்கும்போது, அந்த ரவைக்கூட்டின் தகட்டைப் பெருவிரலால் கீழே அழுத்திவிட்டுக் கையை எடுப்பேன். எண்ணெய் காய்ந்து, சாம்பல் கல்லாகிவிட்டது. என்றைக்காவது ஒருநாள் அது உதிர்ந்து, தகடு துள்ளி மேலே வந்துவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். கயிற்றைப் பிடித்தபடி அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இன்றைக்கும் தகடு மேலே வரவில்லை.