மூன்று சீட்டிலும் ஒரே பெயர்

ஆண்டவருக்குள் எனக்குப் பிரியமானவர்களே, சாட்சியை ஆரம்பிப்பதற்கு முன்னால் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய சந்தேகப் பேர்வழி. வானத்திலிருந்து மன்னா விழுந்திருந்தால்கூட இவள் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டிருப்பாள் என்று என் கணவர் சபையிலேயே கிண்டல் பண்ணியிருக்கிறார்.

என் வேலையும் அப்படி. தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பாஸ் பண்ணின துணியில் என் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். குறை என்று திரும்பி வந்தால் அந்த நம்பரைப் பார்த்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள், நான்சி. போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். அதை வைத்துக்கொண்டு அவள் கேட்டது என்ன தெரியுமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும், அதற்கென்றே இருக்கிற நாலு வருஷப் பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்றாள். சபையில் ஞாயிறுதோறும் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் குட்டிப் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அழுகிற பிள்ளைகூட அவள் மடியில் உட்கார்ந்தால் அடங்கிவிடும். ஆனாலும் எனக்குச் சந்தேகம். இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு யாராவது அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போவார்களா? யார் தலையில் ஏற்றினார்கள் இதை?

அவளாகவே விண்ணப்பம் போட்டு, திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கிவிட்டாள். வளாகத்துக்குள்ளேயே ஆரம்பப் பள்ளி இருக்கிறதாம். முதல் வருஷத்திலிருந்தே பிள்ளைகளோடு பழகலாமாம். ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். வார்டன் யாரோ, சாப்பாடு என்னவோ, கூட இருக்கிற பெண்கள் எப்படிப்பட்டவர்களோ! போன் பண்ணினால் அந்த அலுவலகத்துப் பெண் தேன் மாதிரி பேசினாள். இவ்வளவு இனிமையாக ஏன் பேசுகிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் படப்பையைத் தாண்டி ஒரு புதுப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத் தாள் கைக்கு வந்தது. அதே படிப்பு, அதே நாலு வருஷம். எங்கள் வீட்டுப் பக்கத்துச் செம்பாக்கம் ஏரி ஸ்டாப்பிலேயே காலேஜ் பஸ் நிற்கும், சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள். தாளின் மேலே ஒரு வேத வசனம் வேறு. உலகத்தையே புரட்டிப் பார்க்கிற நான் அந்தத் தாளை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை. ஏனென்றால் எனக்கு அது வேண்டியிருந்தது.

"அம்மா, அங்க போய் ஒரு தடவை விசாரிக்கலாமே?" என்று நான்சி கேட்டாள்.

"வசனம் போட்டிருக்கான், பாத்தியா? ஹாஸ்டல்காரனை விசாரிச்சியாடி நீ?" என்று அவள் வாயை அடைத்தேன்.

வீட்டில் தினம் சண்டை. என் கணவர் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். காலையில் இரைச்சல், மாலையில் நாங்கள். பாவம், அவர்தான் சொன்னார்: "ராணி, பேஜார் பண்ணாத. ஜெபம் பண்ணி சீட்டுப் போடலாம். ஆண்டவர் சொல்றதைக் கேப்போம்."

உங்களில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருக்கும். உபவாசமிருந்து, பெயர்களைச் சீட்டில் எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து, குடும்ப ஜெபம் முடிந்ததும் வீட்டின் கடைசிப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. எங்களுக்குத் திருச்சிப் பக்கம் ஒன்று, படப்பை ஒன்று, வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு பி.ஏ. சேருவது ஒன்று. மொத்தம் மூன்று சீட்டு. எழுதுகிற பொறுப்பு எனக்கு.

அன்பானவர்களே, இனிமேல் சொல்வதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமையலறையில் உட்கார்ந்து மூன்று சீட்டிலும் படப்பைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே எழுதினேன். ஆமாம், நானேதான். ஆண்டவர் ஒருவேளை ஹாஸ்டலைச் சொல்லிவிட்டால்? அவரையும் நம்பவில்லை நான்.

வெள்ளிக்கிழமை உபவாசம். சாயங்காலம் ஜெபம். கண்ணீரோடு ஜெபித்தேன், அதுவும் உண்மை. நான்சி ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள். "சரிம்மா, ஆண்டவர் சொன்னா சரி" என்றாள். என் கணவர் ஸ்தோத்திரம் சொன்னார். நான் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து ஓடினேன். அடுப்பைப் பற்ற வைத்திருக்கவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. படப்பையில் சேர்ப்பதற்குக் கிளம்பினோம். திங்கட்கிழமை நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் திருச்சிப் பக்கத்து இடம் போய்விடும். பஸ்ஸில் நான்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். முந்தைய நாள் ஆரம்பித்த மனசாட்சியின் குத்தல் எனக்கு நிற்கவில்லை. இந்தப் பிள்ளையின் நாலு வருஷத்தில் என் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேனே, திரும்பி வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? "ஆண்டவரே, நான் தப்புப் பண்ணிட்டேன். இந்த இடம் சரியில்லைன்னா எப்படியாவது என்னைத் தடுத்துடுங்க" என்று வாய்க்குள்ளேயே ஜெபித்தேன். மகளிடம் சொல்லத் தைரியமில்லை.

அலுவலகத்தில் இருந்தவர் முதல் வார்த்தையிலேயே, "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுத்துடுங்க மேடம்" என்றார். நான்சி ஃபைலைத் திறந்தாள். எல்லாம் ஜெராக்ஸ்.

"ஐயோ, ஒரிஜினலை வீட்டுலயே வெச்சுட்டேன்மா."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அறிவு இருக்கா உனக்கு? எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த மனிதர் ஓடி வந்து சமாதானம் சொன்னார். பரவாயில்லையாம், மத்தியானமே போய்க் கொண்டுவரலாமாம், ஆளும் வண்டியும் கூட அனுப்புகிறாராம். அந்த இடத்தில் என் பழைய குணம் முழித்துக்கொண்டது. மூலச் சான்றிதழ் மேல் இவனுக்கு ஏன் இத்தனை அவசரம்?

"வகுப்பைப் பாக்கலாமா சார்?" என்றேன். மாடியைக் காட்டினார்.

அறை பளபளவென்று இருந்தது. குட்டி நாற்காலிகள், எழுத்து அட்டைகள், மரக் கட்டைகள். கைப்பழக்கம், ஒரு நாற்காலியைத் தூக்கித் தலைகீழாகப் புரட்டினேன். அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அட்டைகளைப் புரட்டினேன். ஒன்றில்கூட ஒரு விரல் அழுக்கு இல்லை. பிள்ளைகள் தொட்ட பொருள் அப்படியா இருக்கும்?

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னையே பார்த்தார். "இன்னாம்மா அப்பிடிப் பாக்குற? முந்தாநாளுதான் இந்த ரூம்பைத் தொறந்து கூட்டுனேன். இங்க எந்தப் புள்ளையும் படிக்கல. பக்கத்துல பி.எட்டு நடக்குது, அதான் கீது" என்றார்.

கீழே இறங்கி, இந்தப் படிப்புக்கு வாங்கின அனுமதி ஆணையைக் காட்டச் சொன்னேன். சின்ன வகுப்பு ஆசிரியர் பட்டப்படிப்புக்கென்று தனி அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் நாலு வருஷம் படித்து வாங்குகிற பட்டத்தைக் காட்டி எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் வேலை கேட்க முடியாது. பத்து நிமிஷம் கழித்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து வந்தார். வாசித்தேன். பி.எட்டுக்கு வாங்கின அனுமதி அது.

"நாங்க கேட்ட படிப்புக்கு?"

"அது வந்துகிட்டே இருக்கு மேடம். உங்க பொண்ணு முடிக்கிறதுக்குள்ள வந்துடும்."

நான்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஏறி உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "நான்சி, அம்மாவை மன்னிச்சுடு. சீட்டு மூணுலயும் நான் ஒரே பேரைத்தான் எழுதினேன். உன்னை ஏமாத்திட்டேன்டி."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்மா."

"என்னது?"

"நீ அடுப்பங்கரைக்கு ஓடினதும், அப்பா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தப்ப மத்த ரெண்டு சீட்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன். உன் பொண்ணுதானேம்மா நான்."

"பாவி, அப்புறம் ஏன் என்கூடக் கிளம்பி வந்தே?"

"அப்பாகிட்ட சொல்லியிருந்தா நீ அவர் முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பே. அது எனக்கு வேணாம். அம்மா அவங்களாவே என்கிட்ட சொல்லணும்னு நேத்தே ஜெபம் பண்ணேன். திங்கக்கிழமை வரைக்கும் ஆண்டவருக்கு டைம் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதான் ஒரிஜினலை பீரோவுலயே பூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் டிராவல் பேகைத் தூசி தட்டினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம். திங்கட்கிழமை காலையிலேயே திருச்சிப் பக்கத்து வளாகத்தில் நின்றோம். இந்தத் தடவை ஆணையைக் கேட்டு வாங்கி வரி விடாமல் படித்தேன். படிப்பின் பெயர் சரியாக இருந்தது. அங்கே ஆரம்பப் பள்ளியில் எழுத்து அட்டைகளின் ஓரமெல்லாம் நைந்து, அழுக்கேறி இருந்தது. ஒரு நாற்காலியைப் புரட்டினேன், அடியில் யாரோ ஒரு பிள்ளை மென்று துப்பின பபிள்கம் ஒட்டியிருந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். போனில் தேனாகப் பேசின பெண் நேரிலும் அப்படியேதான் பேசினாள். அவள் சுபாவமே அதுதானாம்.

இப்போது நான்சி இரண்டாம் வருஷம். ஒன்றாம் வகுப்புக்குப் பயிற்சிக்குப் போகிறாள். வாரம் ஒருதரம் போனில் பேசும்போது பிள்ளைகளின் பெயரைத்தான் சொல்கிறாள், என்னைக் கேட்கவே மறந்துவிடுகிறாள்.

அன்பானவர்களே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டு அந்தப் பொய்யான இடத்திலிருந்து எங்களைத் தப்புவித்தார். அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய ஜெபம் என் மகளுடையது. அவள் கேட்டதையும் ஆண்டவர் கொடுத்தார். உங்கள் வீட்டில் இதுபோல முடிவெடுக்கிற பிள்ளை இருந்தால், நல்லா விசாரியுங்கள், துருவித் துருவிக் கேளுங்கள், ஆண்டவர் அதற்குக் கோபப்பட மாட்டார். அவரிடம் பதிலைக் கேட்டுவிட்டு நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். என்னைத் தாங்கினவர் உங்களையும் தாங்குவார்.

இப்போதும் எங்கள் வீட்டில் சீட்டுப் போடுகிறோம். ஒன்றை எடுத்த பிறகு மற்றவற்றையும் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான்.