ஜெபத் தாளில் பீர் விளம்பரம்

அச்சகம் நடத்துகிறவர்கள் புதுத் தாளுக்குக் கொடுக்கும் மரியாதையை சாமி படத்துக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். பக்தி காரணமில்லை, தாளின் விலைதான் காரணம். எந்த வேலையை மெஷினில் ஏற்றினாலும் ஆரம்பத்தில் ஒரு கத்தைத் தாளாவது வீணாகும். மை ஒரு பக்கம் அப்பிக்கொள்ளும், ஒரு பக்கம் வெளுக்கும், வரிகள் சாய்ந்து விழும். இதற்கெல்லாம் புதுத் தாளைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? முந்தின வேலையில் கெட்டுப்போனவற்றை எடுத்து வைத்திருந்து, அவற்றின் மேலேயே அடித்துப் பார்த்து மையைச் சரிசெய்வோம். ஊரில் எந்த அச்சகத்திலும் இதுதான் வழக்கம். எங்கள் கடையின் வேஸ்ட் தாள் ஒன்றை உருவிப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகையின் மேல் கருமாதிக் கார்டு, அதன் மேல் ஐயப்ப பஜனை, அதன் மேல் ரம்ஜான் நோன்பு அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேல் மூலம் பௌத்திரம் வைத்தியரின் நோட்டீஸ் என்று இந்த ஊரே ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அதற்காக எந்த சாமியும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மெயின் ரோட்டை விட்டு இரண்டாவது சந்தில் எங்கள் கடை இருந்தது. முன் அறையில் நான் கம்ப்யூட்டரில் டைப் செய்வேன். என் கணவர் டிவிஎஸ் வண்டியில் ஆர்டர் பிடிக்கப் போவார். பின் அறையில் மெஷினும் பாயும். பாய்க்குப் பெயர் உண்டு, ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். மூன்றில் எதையும் படிக்கத் தெரியாது. கடையை ஒரேயடியாக மூடும் வரைக்கும் மெஷின் அவர் கையில்தான் இருந்தது.

அவரைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று ஒன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது, தமிழ்க் கடைகளைத் தேடிக்கொண்டு ஒரு கும்பல் எங்கள் சந்துக்குள் வந்தது. நானும் கணவரும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். பாய் எங்கள் தமிழ் போர்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஷட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "யாருது இந்தக் கடை?" என்று கன்னடத்தில் கேட்டார்கள். "நந்தே" என்றார். என்னுடையதுதான் என்று. கும்பல் அடுத்த சந்துக்குப் போய்விட்டது. எங்களுக்காக அவர் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான் இந்தக் கதை. எங்கள் கோயில் திருவிழாவுக்கு மாதாவின் நவநாள் ஜெபத்தை நீல மையில் அடித்துக் கொடுத்திருந்தோம். கெட்டுப்போன தாள்கள் வழக்கம்போல் மூலையில் கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹென்னூர் ரோட்டில் புதிதாகத் திறக்கப் போகும் பார் அண்ட் ரெஸ்டாரெண்டுக்கு அவசர நோட்டீஸ். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கும் மெஷின் ஓட்டத் தெரியும். சிவப்பு மையை ஊற்றி, மூலையிலிருந்த தாள்களை ஏற்றிச் சரிபார்த்து, பிறகு நல்ல தாளில் அடித்து முடித்தேன். கட்டும்போது அழுக்குப் படக் கூடாதென்று கட்டுக்கு மேலும் கீழும் ஒரு வேஸ்ட் தாளை வைத்தேன். அதுவும் வழக்கம்தான். வாங்குகிறவர்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நோட்டீஸ் கொடுப்பார்கள். இந்த பார்க்காரர்களின் ஆட்கள் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் எங்கே? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் கோயில் வாசலில்.

யாருடைய கையிலோ அந்தத் தாள் சிக்கியது. நீலத்தில் "அருள் நிறைந்த தாயே, எங்கள் தாகம் தீர்ப்பாயாக." அதன் மேல் சிவப்பில் கொட்டை எழுத்தில் "சில்லென்று பீர், சுடச்சுட கபாப்." நான் மாதா பக்தைதான். இருந்தும் அதைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது.

சிரிக்க நேரம் கிடைக்கவில்லை. கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் எங்கள் கோயில் பங்குச் சங்கத்தின் செயலாளர். ஏதோ ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையரானவர். பழைய ஃபாதர் மாற்றலாகிப் போய் புதியவர் வராத சமயம் அது. அதனால் கோயிலே அவர் கையில்தான் என்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா இதை அடிச்சது?"

"நான்தான் சார்."

"நீங்க டைப் அடிச்சிருப்பீங்க. மெஷின்ல ஓட்டினது யாரு?"

"அதுவும் நான்தான். பாய் அப்போ நமாஸுக்குப் போயிருந்தார்."

அந்த "பாய்" என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாதோ என்று பிறகு யோசித்ததுண்டு. எடுத்ததில் தப்பே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்த சாட்சி. நான் அதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

செயலாளர் மறுநாளே ஒரு தாளோடு வந்தார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் ஹாலில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொண்டு வந்திருந்தார். நான் வாங்கிப் படித்தேன். "எங்கள் அச்சகத்தில் பணிபுரியும் மாற்று மதத்தவர் ஒருவர், நம் தாயின் ஜெபத்தை அவமதிக்கும் நோக்கத்துடன் வேண்டுமென்றே இதைச் செய்துள்ளார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்." கீழே எங்கள் இருவர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்.

"சார், ஞானஸ்நானம் வாங்கின கைதான் இதை அடிச்சது. வருத்தம் தெரிவிக்கிறேன், என் பேர்லயே தெரிவிக்கிறேன். இந்த மாதிரி எழுதாதீங்க" என்றேன்.

"ஜெபத்தை அசிங்கப்படுத்திட்டு இப்போ எதிர்ப் பேச்சா?"

"குருத்து ஞாயிறுக்கு மந்திரிச்சுக் கொடுத்த ஓலையை எரிச்சு, அந்தச் சாம்பலைத்தானே சார் விபூதிப் புதனுக்கு நெத்தியில வெச்சுக்கறோம்? அதை யாராவது அசிங்கம்னு சொல்றோமா? மனசுல என்ன இருந்ததுன்னு பார்க்க வேண்டாமா?"

"இதெல்லாம் வாய்க்கொழுப்பும்மா. சுதந்திரம்னா அதுக்கு ஒரு அளவு இருக்கு."

அளவு. அந்தப் பத்து வருஷமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிருந்தது. எல்லோருக்கும் எல்லாமே புண்பட்டுக்கொண்டிருந்த காலம். எந்த மதத்தார் வந்தாலும் அளவுகோலை அடுத்தவன் வாயில் வைத்துத்தான் அளந்தார்கள். எங்கள் மதத்தைக் கண்டபடி திட்டி வந்த துண்டுப் பிரசுரத்தைக்கூட நான் டைப் செய்து கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை வேறு திருத்திக் கொடுத்தேன். திட்டுகிறவன் திட்டட்டும், என் மாதா அதைத் தாங்குவாள். எனக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று: செய்யாதவன் செய்தான் என்று எழுதாதே. அந்த அளவைத் தாண்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எனக்கு அளவு சொல்லிக்கொடுக்கிறார்!

தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். கோலார் தங்கவயலில் எங்கள் இருவர் அப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். சுரங்கத்து வேலை நசிந்து போன பிறகு பெங்களூர் வந்து, காசு சேர்த்து வாங்கிய மெஷின் அது. கோயில் வேலைதான் எங்களுக்குப் பாதி சோறு போட்டது.

"ரெண்டு வரிதானே. படிச்சுட்டு வந்துரலாம். பாயை ஒரு மாசம் கழிச்சு மெதுவா கூப்பிட்டுக்கலாம்" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

"ரெண்டு வரிதான்னா என்னைப் பத்தி எழுதச் சொல்லுங்க. நான் வேணும்னே பண்ணேன்னு எழுதச் சொல்லுங்க. நானே படிக்கறேன்."

"அவங்க உன்னைக் கேக்கலையே."

"அதான். என்னைக் கேக்கலை. யாரைக் கேக்கறாங்கன்னு உங்களுக்கும் தெரியுது இல்ல?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கடை முதலாளி என்று என் கணவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். திருத்தியிருப்பார், ஒரு வார்த்தையையாவது அடித்திருப்பார் என்று நான் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். "மாற்று மதத்தவர் ஒருவர்" என்று மைக்கில் கேட்டதும் என் நம்பிக்கை போயிற்று.

"பொய்!" என்று எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. "அடிச்சது நான். அந்த நேரம் அந்த மனுஷன் தொழுதுக்கிட்டிருந்தார். ஜெபத்து மேல பீர் அடிச்ச கை இதுதான், பார்த்துக்குங்க!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். சிவப்பு மை நகக்கண்களில் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. எங்கேயோ ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு ஒரே கூச்சல். குடும்பப் பெண் மாதிரியா பேசறா, பாய்கிட்ட என்ன உறவோ, என்பது வரைக்கும் போனார்கள். அதையும் நின்றுகொண்டே கேட்டேன்.

கூச்சல் அடங்கியதும் செயலாளர் மைக்கைப் பிடித்து, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, முதலிலிருந்து படிக்கட்டும் என்றார். என் கணவர் முதலிலிருந்து படித்தார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் குரல் அவ்வளவு கணீரென்று வந்ததில்லை.

திங்கட்கிழமை பாய் வரவில்லை. அவரைத் தேடிக்கொண்டு டேனரி ரோடு பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லே அக்கா" என்றார் பாய். "ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன். சும்னே லொள்ளு நக்கோ, வேணாம். உங்களுக்கும் வேலை போவும். நானே நின்னுக்கறேன்."

"நீங்க நின்னுட்டா அவர் படிச்சது நிஜமாயிடும் பாய்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அழுதால் அவர் எனக்காக வருவார். அவர் எனக்காக வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சரி, வரேன்" என்றார் கடைசியில். "வந்து அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கோயில் வேலை அந்த வாரத்தோடு நின்றுபோனது. பிறகு பல மாதம் என் கணவர் அத்திபெலே வரைக்கும் பஸ் ஏறிப் போய், சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு லேபிள் வேலை பிடித்து வந்தார். எதற்காகப் பொய் படித்தாரோ அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலையில் பாய் வந்தார். எப்போதும் நேராக மெஷின் அறைக்குப் போகிறவர், அன்று என் கணவரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "வாங்க பாய்" என்றார் கணவர், பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணா, கோயில்ல என்னைப் பத்தி ஏதோ படிச்சீங்களாமே. ஊரே கேட்டுச்சு, நான் மட்டும் கேக்கலை. எனக்குப் படிக்கவும் வராது. எனக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க."

குரலில் கோபமே இல்லை. கணவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். பாய் தலையை மட்டும் ஆட்டினார். வேறு வழியில்லாமல் கணவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். "எங்கள் அச்சகத்தில் பணிபுரியும்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றுவிட்டது. காப்பாற்று என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பாய் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்து போய் பாய் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"படிங்க" என்றேன்.