தம்பியின் ஓட்டு

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டு ஓட்டெல்லாம் ஒரே சின்னத்துக்குத்தான். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோதே அவர் பிடித்துக்கொண்ட கட்சி அது. அவர் போன பிறகு அம்மாவும் நானும் தம்பியும் பெங்களூருக்கு வந்து, ஈஜிபுராவில் வாடகை வீடு பிடித்தோம். எனக்கு ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை. தம்பிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில்.

ஆள்குறைப்பில் அவன் வேலை போனது. மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தான். ஆண்களுக்கு நடக்கும் அநியாயங்களைப் பற்றி ஆவேசமாகப் பேசும் ஒருவனின் வீடியோக்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தபடி கிடப்பான். அந்தச் சமயத்தில்தான், புதிய அரசு வாக்குறுதி தந்தபடி, பெண்களுக்கு பஸ் இலவசமானது. துணையில்லாமல் தெருமுனையைத் தாண்டாத அம்மா, தனியாக பஸ் ஏறி பிரேசர் டவுனுக்குப் போய் ஒரு பழைய சிநேகிதியைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது அவள் முகமே வேறாக இருக்கும்.

தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டின்போது தம்பி சொன்னான்: "ஓசி பஸ்ஸுக்கு ஓட்டை வித்துட்டாங்க இந்த பொம்பளைங்க."

"என்னையும் சேர்த்துத்தான் சொல்றியா?" என்று கேட்டேன்.

"பொதுவா சொல்றேன்க்கா. இன்டர்வியூவுக்குப் போனா லேடீஸ்தான் வேணும்றான். என் கஷ்டத்தைப் பேச யாரு இருக்கா? அந்தாளு ஒருத்தன்தான் பேசறான். அவன் சொல்ற கட்சிக்குத்தான் என் ஓட்டு."

"பொண்ணுங்க வேலைக்குப் போறதாலதான் குடும்பம் கெடுதுன்னும் அவன்தானே சொல்றான்?"

"அது உன்னை இல்லக்கா. பொதுவா."

"அந்தப் பொதுவுலதானேடா நானும் இருக்கேன்!"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள். "நானும் வித்துட்டேனாப்பா?" என்று கேட்டாள்.



அந்த வாரம் அம்மா பிரேசர் டவுனுக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. கேட்டதற்குக் கால் வலி என்றாள். "அம்மா ஏன்க்கா போக மாட்டேங்குது?" என்று தம்பி என்னிடம் தனியாகக் கேட்டான். அம்மாவையே கேள் என்றேன். அவன் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பிறகு எந்தச் சின்னம் என்று அம்மாவுக்குச் சொல்பவன் தம்பிதான். ஓட்டுப்போட்ட அன்று, பள்ளிக்கூட வாசலில் அவன் வாயைத் திறக்கும் முன்பே, "நான் பாத்துக்கறேன்பா" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை எங்கள் இருவரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நாள் கழித்து, தானாகவே சிநேகிதி வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள்.

போன வருடம் தம்பிக்கு ஊருக்கு வெளியே ஹெப்பகோடி பக்கம் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். ஒரு வரனும் வந்தது. பெண் பள்ளி ஆசிரியை. இருவரும் தினமும் போனில் பேசினார்கள். அவன் குரலில் பல காலம் கழித்துச் சிரிப்பைக் கேட்டேன். ஒரு நாள் எனக்கு போன் செய்தான்.

"அக்கா, நான் யாருக்கு ஓட்டு போடுவேன்னு அவங்க கேக்கறாங்க. என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

சொல்லியிருக்கிறான். ஏன் என்றும் அவள் கேட்டிருக்கிறாள். அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் அந்த வீட்டிலிருந்து வேண்டாம் என்று தகவல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் அவ்ளோ மோசமானவனாக்கா?" என்றான்.

"இல்லடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் என் கட்டிலை விட்டு நகராமல் கிடந்தவன் அவன்.

ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்திருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா எவ்வளவோ சொல்லியும் சாப்பிட நிற்காமல் அவன் ஹெப்பகோடிக்குக் கிளம்பிப் போனான்.