பழகு மரம்

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, சுவா ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் ஆள் குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். அதில் எங்களை வேலைவாங்கும் மண்டோரின் கொழுந்தியாளும் ஒருத்தி. எனக்குப் பதினாறு வயது. நான் இன்னும் வேலைக்குச் சேரவே இல்லை, அதனால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பால்மரம் சீவப் பழகுகிறவர்களுக்கு நல்ல மரம் தரமாட்டார்கள். சீக்கிரம் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில்தான் உளியைப் பிடிக்கவேண்டும். கை திருந்திவிட்டது என்று மண்டோர் சொன்னால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேர் ஏறும், சம்பளம் வரும். அப்பா இல்லாத வீட்டில் அம்மா ஒருத்தியின் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட்டோம். அந்தப் பேருக்காகத்தான் காத்திருந்தேன். மண்டோரோ, "அடுத்த மாசம் பாப்போம் லா" என்பதைத் தாண்டவில்லை. கொழுந்தியாளுக்கு வேலை போனதிலிருந்து என் முகம் பார்த்துப் பேசுவதையும் விட்டிருந்தார். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

ஒருநாள் காலையில், என் நிரைக்கு அடுத்திருந்த நல்ல மரங்களில் பட்டையைத் தாண்டிக் கட்டை தெரிய வெட்டு விழுந்திருந்தது. அந்தக் காலத்தில் மரத்தைப் பாழாக்கினால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் வேலை என்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் துணைபோனது என்று கேட்டு போலீஸ் வரும். துரை வருவதற்குள் மண்டோர் என்னை ஓரமாக அழைத்தார்.

"பழகுறப்போ தெரியாம நல்ல மரத்துல கை வச்சிட்டேன்னு சொல்லிடு புள்ள. தொரை ரெண்டு திட்டு திட்டுவாரு, அதோட போச்சு. இல்லேன்னா போலீசு வந்து லயத்தையே லோரில ஏத்திடுவானுங்க."

"நான் வெட்டலையே."

"ஒங்கம்மாவையும்தான் ஏத்துவானுங்க."

அம்மாவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பால் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரை வந்து கேட்டபோது தலையாட்டினேன். அவர் திட்டக்கூட இல்லை. இருக்கிறவர்களுக்கே வேலை இல்லை, இனிமேல் யாரையும் பழக்கவேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னோடு சீவப் பழகிய மற்ற இரண்டு பெண்களும் அன்றோடு நின்றார்கள். அவர்கள் என்னிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் என் கிழட்டு மரங்களை மண்டோரின் கொழுந்தியாள் சீவிக்கொண்டிருந்தாள். மரம் சும்மா நிற்கக்கூடாது என்று துரையிடம் மண்டோர் சொன்னாராம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? என்னைக் கண்டாலே மண்டோர் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினார்.  இது மண்டோர் வேலைதான் என்று அம்மாவிடம் சொன்னதற்கு, "கண்ணால பாக்காததப் பேசாத" என்றாள். சரி, வெட்டியவரை நான் பார்க்கவில்லைதான்.

ஆனால் வெட்டைப் பார்த்தேன். என் மரங்களில் பட்டை முழுக்கக் கொத்திக் குதறிய காயம். அந்த நல்ல மரங்களிலோ ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு, பிசிறில்லாமல் கட்டைவரை போயிருந்தது. அப்படி உளி இழுக்க எனக்கு வந்திருந்தால், என் பேர் எப்போதோ செக்ரோலில் ஏறியிருக்கும்.