கேட்கப்படாத முப்பது பேர்

நூர்ஜஹான் இறந்துவிட்ட செய்தி, தேர்வறையில் நான் வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, “நூர்ஜஹான் மேடம் தவறிட்டாங்களாமுங்க” என்றார். மூன்று மணி நேரம் அந்த அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. என் இடத்தில் நூர்ஜஹான் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

கல்லூரியின் வணிகவியல் துறையில் பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. அவரிடம் படித்து, அவரைக் கண்டிப்பானவராக மட்டும் நினைவில் வைத்திருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் முப்பது பேரைப் பேட்டி கண்டதாக முதுகலை ஆய்வேடு கொடுத்திருந்தாள் என் மாணவி. நெறியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வாய்மொழித் தேர்வில் நூர்ஜஹான் கேட்டது ஒரே கேள்விதான்: “நீ பேசினதுல ஒருத்தரப் பத்திச் சொல்லு கண்ணு.” அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரையும் பார்க்கவே இல்லை, படிவங்களைத் தானே நிரப்பியதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டாள். பொங்கலூரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா வராந்தாவில் இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தார்.

மறுநாள் விசாரணைக் குழு. அதற்குமுன் நூர்ஜஹானைத் தனியே பார்த்து, மதிப்பெண்ணைக் குறைத்து இத்தோடு விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன்.

“முப்பது பேரு சொல்லாததச் சொன்னதா எழுதியிருக்குதுங்க அந்தப் புள்ள. வேலை நேரம் சரியாத்தான் இருக்குதுன்னாங்களாம். அதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்குதுங்க” என்றார்.

படிவங்களைச் சரிபார்த்தீர்களா என்று குழுவில் முதல்வர் என்னைக் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. பழி முழுவதும் அவளோடு போய்விடும். எதிரே நூர்ஜஹான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்க்கலைங்க. பார்க்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

ஆய்வேடு செல்லாது, ஒரு பருவம் கழித்துப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வெளியே வந்ததும் நூர்ஜஹான் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ள கேண்டீன்ல தனியா உக்காந்திருக்குதுங்க. வாங்க, போலாம்” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் அவளை அருள்புரத்துக்கு அழைத்துப் போனவர் அவர்தான். வடநாட்டுத் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசி, அவர்கள் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னார். முதல் வாரம் கூச்சத்தில் நான் போகவில்லை. இரண்டாம் வாரம் போனேன். அப்படிப் புதிதாக எழுதிய ஆய்வேட்டில்தான் அவள் பட்டம் வாங்கினாள்.

தவறைக் கண்டுபிடித்தவர் அதோடு எழுந்து போய்விடக் கூடாது என்பதுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. போன வாரம் ஒரு மாணவி இன்னொருத்தியின் கட்டுரையை அப்படியே கொடுத்திருந்தாள். மதிப்பெண் போடவில்லை. அவள் தன் சொந்த வரிகளில் முதல் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.